குருதிவழிச் சரித்திரம் – 17: ரயில்வே ஏட்டில் ஒரு புதிர்

சென்ற வாரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், முயல் கூண்டுகளுக்கு முன்னால் கதையை நிறுத்தியிருந்தேன். 1913இல் நிகோலாய் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர் கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குப் புகட்டினார். சில மாதங்களில் அவற்றின் பெருந்தமனிச் சுவரில், மனிதருக்கு வருவது போன்ற மஞ்சள் படிவுகள் தோன்றின. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, நோயுற்ற தமனியில் இயல்பைவிட இருபது மடங்குக்கு மேல் கொலஸ்ட்ரால் இருப்பதை ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் விண்டாஸ் அளந்து காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவ உலகம் ஓர் எளிய கணக்குப் போட்டது. கொழுப்பைத் தின்றால் ரத்தத்தில் கொழுப்பு ஏறும். ரத்தத்தில் ஏறினால் தமனி அடைபடும்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியைத் தேட வைத்தவர்கள் நம் ஆட்கள். இந்த வாரம் திண்டுக்கல் சீமைக்கு வருவோம்.

தண்டவாளம் வந்த மறு ஆண்டு

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு இருப்புப் பாதை திறந்தது 1875இல். திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது அப்போதுதான். ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, நடுவே மழை மறைவில் கிடக்கும் சமவெளி. குடகனாற்றில் தண்ணீர் புரளும் நாட்கள் குறைவு. கமலை இறைத்துத்தான் தோட்டம் துரவு. சோளம், கம்பு, கேப்பை, சாமை, வரகு இவையே மானாவாரிக் குடும்பங்களின் அன்றாடச் சோறு. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் விருந்தாளி. எண்ணெயைக் கண்ணில் காட்டித் தாளித்த காலம் அது.

ரயில் வந்த மறு ஆண்டே தாது வருஷப் பஞ்சமும் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் விதித்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். மண் சுமக்கும் உடம்பு இதில் தரிக்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர். கார்னிஷ் அரசோடு மல்லுக்கட்டினார். பஞ்சத்துக்கு முன்னும் பின்னும், கங்காணிகளின் பின்னால் கண்டிச் சீமைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்கள் ஏராளம். அன்றைய மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டங்கள்தாம் அவர்களை அதிகம் அனுப்பியவை. திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது.

பட்டினி ஒன்று, பயணம் ஒன்று. தமனியின் கதைக்கு இரண்டும் வேண்டும்.

பிணவறை சொன்ன செய்தி

பயணம் முதலில் பேசியது. ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் டி லாங்கன், 1916இலேயே ஒரு வேறுபாட்டைக் கண்டார். அங்கு வாழ்ந்த டச்சுக்காரர்களைவிட ஜாவா மக்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகக் குறைவு. ஆனால் டச்சுக் கப்பல்களில் பணியாளராகச் சேர்ந்து, அவர்கள் சாப்பாட்டையே சாப்பிட்ட ஜாவாக்காரர்களுக்கு டச்சுக்காரர் அளவுக்கு ஏறியிருந்தது. இனம் மாறவில்லை, இலை மாறியது. அனிச்கோவின் கணக்குக்கு இது வலுச் சேர்த்தது.

அடுத்த சேதி சிங்கப்பூரிலிருந்து வந்தது. அது கணக்கைக் குழப்பியது. டி.ஜே. தனராஜ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிணப் பரிசோதனைப் பதிவுகளை இனவாரியாகப் பிரித்து 1959இல் வெளியிட்டார்கள். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானவர் இந்தத் தனராஜ். ஒரே தீவு, ஒரே துறைமுகம். ஆனால் இதயத் தமனி நோய், சீனர்களைவிட இந்தியர்களிடம் சுமார் ஏழு மடங்கு அதிகம். சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பான்மையினர் யார் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெண்ணெயும் இறைச்சியுமாகச் சாப்பிட்ட வெள்ளைக்காரர் நோய் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, சோறும் குழம்பும் சாப்பிட்டவனின் மார்பில் எப்படி வந்தது?

மல்ஹோத்ராவின் ஏடு

இந்தக் கேள்வியை இந்தியாவுக்குள் கொண்டுவந்தவர் எஸ்.எல். மல்ஹோத்ரா. ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரிகளில் ஒருவர். இந்திய ரயில்வே அவருக்கு அமைந்த ஆய்வுக்கூடம். நாடெங்கும் ஒரே மாதிரிப் பதவிகள், ஒரே சம்பள விகிதம், ஒரே மருத்துவ வசதி, ஒழுங்கான பதிவேடு. பஞ்சாபில் சாவி கொடுக்கும் பாயிண்ட்ஸ்மேனும் தென்னகத்துச் சந்திப்புகளில் அதே வேலை பார்ப்பவரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள். மாறுவது மண்ணும் சாப்பாடும்தான்.

18 முதல் 55 வயது வரையிலான பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களில், ஐந்தாண்டுக் காலத்தில் மாரடைப்பு நோயால் இறந்தவர்களை மண்டலவாரியாக அவர் கணக்கிட்டார். 1967இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. பஞ்சாபிகளைவிடத் தென்னிந்திய ஊழியர்களிடம் இந்த நோய் ஏழு மடங்கு அதிகம். இங்கும் ஏழு! அதைவிடத் திகைப்பு சாப்பாட்டுக் கணக்கில் இருந்தது. பஞ்சாபிகள் உண்ட கொழுப்பு தென்னிந்தியர் உண்டதைப்போல் 8 முதல் 19 மடங்கு; அதுவும் பெரும்பாலும் பாலும் நெய்யும். தென்னிந்தியர் கொஞ்சமாகச் சாப்பிட்டதோ கடலையிலும் எள்ளிலும் ஆட்டிய தாவர எண்ணெய். நெய் ஊற்றிச் சாப்பிட்டவன் தப்பித்தான். சொட்டு எண்ணெயில் தாளித்தவன் செத்தான். செத்த வயதும் குறைவு.

மல்ஹோத்ராவே ஒரு விளக்கமும் தந்தார். பஞ்சாபி ரொட்டியையும் பச்சைக் காய்கறியையும் மென்று தின்கிறான், மோரும் தயிரும் குடிக்கிறான். தென்னிந்தியன் குழையச் சமைத்த சோற்றை மெல்லாமல் விழுங்குகிறான். வேறுபாடு அங்கேதான் என்றார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. ஆய்வுக்கும் வரம்பு உண்டு. மரணப் பதிவை நம்பிய ஆய்வு அது. மாரடைப்பை எந்த ஊர் மருத்துவர் சரியாகக் கண்டுபிடித்து எழுதினார் என்பதைப் பொறுத்து எண்கள் கூடலாம், குறையலாம். ஏழு என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றும் சிலர் இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு, நெய்யை அண்டாவோடு குடிக்கலாம் என்று கிளம்புகிறார்கள். மல்ஹோத்ராவின் எண்கள் அதற்குச் சான்று ஆகா. அவை சொன்னது ஒன்றுதான்: இலையில் விழும் கொழுப்பை மட்டும் அளந்து தமனியின் தலைவிதியைச் சொல்ல முடியாது.

அந்த ஏட்டில் இறந்தவர்களுக்கு அன்று செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே ரயில்வேயின் பெரம்பூர் மருத்துவமனையில்தான் 1975இல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவை சிகிச்சையைச் செய்தார். ஏட்டின் ஐந்தாண்டுக் காலம் முடிந்து பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து!

வயிற்றைப் பார்த்தவர்

விடையின் முதல் துண்டு ஏற்கெனவே அச்சில் கிடந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 1947இல் பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர் ஜான் வாக், பருமனானவர்களை எடை போட்டதோடு விடவில்லை. கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார். இடுப்புக்குக் கீழே, தொடையிலும் பின்புறத்திலும் சேர்ந்தவர்கள் நெடுநாள் நலமாக இருந்தார்கள். வயிற்றில் சேர்ந்தவர்களுக்கு நீரிழிவும் தமனி நோயும் வந்தன. எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்றார் வாக். உலகம் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு எடைத் தராசையே நம்பிக்கொண்டிருந்தது.

1988இல் அமெரிக்காவின் ஜெரால்ட் ரீவன், இன்சுலினுக்குத் திசுக்கள் செவிசாய்க்காத நிலை, உயர் ட்ரைகிளிசரைடு, தாழ்ந்த எச்டிஎல், உயர் ரத்த அழுத்தம் எல்லாம் ஒரே கூட்டாளிகள் என்று காட்டினார். அந்தக் கூட்டத்துக்கு ‘எக்ஸ் நோய்க்கூட்டு’ என்று பெயர் வைத்தார். மூன்றே ஆண்டில் லண்டனின் சவுத்தால் பகுதியிலிருந்து பால் மெக்கீக் குழுவினரின் ஆய்வு வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை அளந்த ஆய்வு. அங்கிருந்த தெற்காசியர்களின் மொத்தக் கொலஸ்ட்ரால் வெள்ளையரைவிட அதிகம் இல்லை. ஆனால் நீரிழிவும் இதய நோயும் அதிகம். இடுப்புச் சுற்றளவும் ரத்தத்தில் இன்சுலினும் உயர்ந்து நின்றன.

சவுத்தால்காரர்களில் பெரும்பகுதியினர் பஞ்சாபை வேராகக் கொண்டவர்கள். மல்ஹோத்ராவின் ஏட்டில் தப்பித்த அதே மக்கள்! அவர்களைக் காத்தது எதுவாயினும், அது ஏரைவிட்டு இறங்கிக் கடல் தாண்டியதும் கழன்று விழுந்தது. தமிழன், பஞ்சாபி என்ற பிரிவினை முடிந்தது. தெற்காசியன் எல்லோருக்கும் ஒரே வயிறு என்றாயிற்று.

மூன்றாவது துண்டு புனேயிலிருந்து வந்தது. கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியிட்டார். அவரும் லண்டன் நண்பர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவர் பி.எம்.ஐ.யும் (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 22.3. பார்த்தால் இருவருமே ஒல்லி. எக்ஸ் கதிர்க் கருவி உடலை ஊடுருவி அளந்தபோது, யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். ஒரே பி.எம்.ஐ., இரு மடங்குக்கு மேல் கொழுப்பு. ஒல்லிக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் பருமன்தான் நம் மக்களின் உடல்வாகு என்றார் யாஜ்னிக்.

கல்லீரலின் கணக்கு

இந்தக் கொழுப்பு தமனிக்கு எப்படிப் போகிறது? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்தத் தொடரின் மையமே இதுதான்.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு ஒரு தானியக் குலுக்கை. அறுவடைக் காலத்தில் மிஞ்சியதை வாங்கி வைத்து, பஞ்சகாலத்தில் கொடுக்க வேண்டியது அதன் வேலை. நம்மவர்களுக்கு இந்தக் குலுக்கை சிறியது. சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. மிஞ்சியது வீட்டுக்குள் சிந்துகிறது. குடலைச் சுற்றி, கல்லீரலுக்குள், தசைக்குள், கணையத்துக்குள், இதயத்தின் மேலுறைக்கு வெளியே என்று எங்கெல்லாம் இருக்கக் கூடாதோ அங்கெல்லாம் சேர்கிறது.

குடலைச் சுற்றிய கொழுப்பு மற்ற கொழுப்பைப் போலச் சும்மா கிடப்பதில்லை. இன்சுலினின் கட்டளைக்கு அது எளிதில் பணியாது. ஓயாமல் கொழுப்பு அமிலங்களை அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருக்கும். அந்த ரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். போர்ட்டல் சிரை நேராக அங்கேதான் கொட்டுகிறது. வந்து குவியும் அமிலங்களைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாகக் கட்டி, கொஞ்சம் கொலஸ்ட்ராலையும் சேர்த்து, புரதப் போர்வை போர்த்தி, வி.எல்.டி.எல். என்ற மூட்டைகளாக ரத்தத்தில் அனுப்புகிறது. உடலுக்குத் தேவையான கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடலே தயாரித்துக்கொள்கிறது, இலையிலிருந்து வருவது அதில் ஒரு பகுதிதான் என்பது முந்தைய வாரங்களில் பார்த்தது.

இந்த மூட்டைகள் பெருகினால் ரத்தத்தில் ஒரு பண்டமாற்று நடக்கிறது. ஒரு புரதம் இடைத்தரகு செய்ய, ட்ரைகிளிசரைடு மூட்டைகள் தங்கள் சரக்கை எச்டிஎல்லுக்கும் எல்டிஎல்லுக்கும் தள்ளிவிட்டுக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. ட்ரைகிளிசரைடு ஏறிய எச்டிஎல் சீக்கிரம் சிதைந்து, சிறுநீரகம் வழியே கழிந்துபோகிறது. தமனிச் சுவரிலிருந்து கொலஸ்ட்ராலைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் துகள் எச்டிஎல். அதன் அளவு குறைவது தமனி நோய்க்கு அறிகுறி. கொலஸ்ட்ராலைத் தமனிப் பக்கம் சுமந்து செல்லும் எல்டிஎல்லோ சுருங்கி, சிறிதாக, அடர்த்தியாக மாறுகிறது. ஒவ்வொரு துகளும் கொஞ்சம் கொலஸ்ட்ரால்தான் சுமக்கிறது. துகள்களின் எண்ணிக்கையோ கூடிவிடுகிறது. பரிசோதனைத் தாளில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் இயல்பாகவே தெரியும். உள்ளே சிறு துகள்கள் நெரிசலாக ஓடிக்கொண்டிருக்கும்.

அவை தமனியின் உள்ளுறையைத் துளைத்துப் புகுந்து, சுவரிலேயே சிக்கி, ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அந்நியன் நுழைந்ததென வெள்ளணுக்கள் ஓடிவந்து விழுங்குகின்றன. விழுங்கிச் செரிக்க முடியாமல் நுரை செல்களாக உப்பி அங்கேயே மடிகின்றன. முயலின் தமனியில் அனிச்கோவ் பார்த்த மஞ்சள் படிவு இதுதான். வயிற்றுக் கொழுப்பு வீக்கத்தை ஊட்டும் வேதிப் பொருள்களையும் சுரந்து, படிவின் மேல்மூடியை மெலியச் செய்கிறது. மூடி ஒருநாள் கிழிகிறது. ரத்தம் அங்கே உறைகிறது. மாரடைப்பு நிமிடங்களில் வந்ததுபோல் தோன்றும். அதற்கு ஆயத்தம் இருபது முப்பது ஆண்டுகளாக நடந்திருக்கும்.

முயலுக்கும் மனிதனுக்கும் படிவு ஒன்றே. முயலுக்கு வெளியிலிருந்து கொலஸ்ட்ரால் ஊட்ட வேண்டியிருந்தது. நம் கல்லீரலுக்குச் சோறும் சர்க்கரையும் போதும். மிஞ்சிய மாவுச்சத்தை அதுவே கொழுப்பாக்கிக்கொள்கிறது. மல்ஹோத்ராவின் தென்னிந்தியர் கொழுப்பு அதிகம் தின்னாமலே இறந்ததற்கு விளக்கத்தின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

குலுக்கை ஏன் சிறிதாயிற்று?

இப்போது பட்டினி பேசுகிறது. 1989இல் இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர், பழைய பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, எடை குறைந்து பிறந்தவர்கள் பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறந்திருப்பதைக் கண்டார். அவர் குழு மைசூருக்கு வந்தது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்த குழந்தைகளின் எடையைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அப்படிப் பிறந்து நடுவயதை எட்டியிருந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 1996இல் வந்த முடிவு: இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதயத் தமனி நோய், 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதத்தினருக்கு மட்டும். புனேயில் யாஜ்னிக் அளந்த கைக்குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடையில் குறைந்தது தசையும் உள்ளுறுப்பும். கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பிறக்கும்போதே ஒல்லிக்குள் பருமன்.

கருவில் பட்டினி கிடந்த உடல், வெளியிலும் பட்டினிதான் என்று நம்பித் தன்னை அமைத்துக்கொள்கிறது. தசையைச் சுருக்கி மூளையைக் காப்பாற்றுகிறது. கிடைக்கிற ஒவ்வொரு கவளத்தையும் சேமிக்கப் பழகுகிறது. தாது வருஷப் பஞ்சம்தான் இன்றைய நோய்க்குக் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. அப்படி ஒரே கோடு போட்டு இழுப்பது வரலாறு ஆகாது. ஆனால் பஞ்சம் இல்லாத ஆண்டுகளிலும் இந்தச் சமவெளியின் தாய்மார்கள் அரை வயிற்றோடு களை பறித்தார்கள், தறி நெய்தார்கள், கடைசியில் மிஞ்சிய சோற்றைத் தின்றார்கள் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த உண்மை. 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் சின்னாளப்பட்டியில் மருத்துவப் பணி தொடங்கியபோதும், 1955இல் டாக்டர் ஏ.கே. தாரியன் ஒட்டன்சத்திரத்தில் மருத்துவமனை நிறுவியபோதும், அவர்கள் முன்னால் வரிசை கட்டி நின்றது பிரசவமும் தொற்றுநோயும் ஊட்டக்குறைவும்தான். அன்று காப்பாற்றப்பட்ட மெலிந்த குழந்தைகளே இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டி, மார்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். குழந்தைச் சாவை வென்ற சமூகம் கட்டும் இரண்டாம் தவணை இது.

இலையும் வேலையும் மாறியபோது

பஞ்சத்துக்குப் பழகிய உடலுக்கு ஆபத்து, பஞ்சம் நின்றபோது தொடங்கியது. இதற்காகப் பசியைப் போக்கிய திட்டங்களைக் குறை சொல்பவன் அறியாதவன். 1982இன் சத்துணவும், நியாயவிலைக் கடை அரிசியும் இந்த மாவட்டத்தின் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தின. 2011 முதல் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. ஆனால் அரிசி வந்த வழியே கம்பும் சோளமும் போயின. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி மூன்று வேளையும் இலையேறியது. சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வில், மக்கள் உண்ணும் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய பாதி, தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது. அதை அதிகம் உண்டவர்களிடம் வயிற்றுப் பருமனும் உயர் ட்ரைகிளிசரைடும் தாழ்ந்த எச்டிஎல்லும் அதிகமாக இருந்தன.

எண்ணெயும் மாறியது. 1937இல் டால்டா என்ற பெயரோடு வந்த வனஸ்பதி, பச்சை நிறப் பனைமரச் சின்னத்தோடு தெருத் தெருவாக நுழைந்தது. திரவ எண்ணெய்க்கு ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றி, எச்டிஎல்லை இறக்கும் என்பது 1990இல் நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் ஆய்வில் தெளிவானது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அதற்கு 2 சதவீத உச்சவரம்பு வந்தது 2022இல். இடைப்பட்ட முப்பதாண்டுகளில் நம் புரோட்டாக் கல்லும் பேக்கரி அடுப்பும் எவ்வளவு பார்த்திருக்கும்!

திண்டுக்கல் என்றதும் பிரியாணிதானே குற்றவாளி என்று கேட்பவர்கள் உண்டு. 1957இல் நாகசாமி நாயுடு இங்கே பிரியாணிக் கடை திறந்தபோது, சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் அத்திபூத்தாற்போல் கிடைக்கும் சாப்பாடு. பூட்டுப் பட்டறையில் நாள் முழுக்க அரம் பிடித்தவரும், தோல் ஷாப்பில் மிதித்தவரும், மூட்டை தூக்கியவரும் மாதத்துக்கு ஒருமுறை தின்ற பிரியாணி அவர்கள் தமனியை ஒன்றும் செய்திருக்காது. அரம் போய் இயந்திரம் வந்தது. சைக்கிள் போய் பைக் வந்தது. மாதத்துக்கு ஒன்று வாரத்துக்கு இரண்டானது. மாறாதது ஒன்றுதான், புகையிலை. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை இருந்த ஊர், வேடசந்தூரில் புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் அமைந்த மாவட்டம் இது. புகை தமனியின் உள்ளுறையைப் புண்ணாக்குகிறது, எச்டிஎல்லைக் குறைக்கிறது, ரத்தத்தை எளிதில் உறையவைக்கிறது. வயிற்றுக் கொழுப்பு தொடங்கியதைப் புகையிலை முடித்துவைக்கிறது.

ஒல்லி என்பது நற்சான்று அல்ல

இன்றைய நிலை என்ன? தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் ஜார்க்கண்டும் சண்டிகரும் சேர்ந்த ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் முதற்கட்ட ஆய்வின் ரத்தக் கொழுப்பு முடிவுகள் 2014இல் வந்தன. மொத்தக் கொலஸ்ட்ரால் உயர்ந்திருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். எச்டிஎல் தாழ்ந்திருந்தவர்களோ 72.3 சதவீதம். ஏதோ ஒரு வகையில் கொழுப்புக் கோளாறு உள்ளவர்கள் 79 சதவீதம். நாடு முழுவதையும் அளந்து 2023இல் வந்த முடிவிலும் வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம், பொதுப் பருமன் 28.6 சதவீதம். எடைத் தராசு தப்பவிடும் ஆட்களை இஞ்சு டேப் பிடித்துவிடுகிறது என்பதற்கு இந்த இடைவெளியே சாட்சி.

அதனால்தான் நமக்கென்று தனி அளவுகோல் வந்தது. வெள்ளையருக்கு பி.எம்.ஐ. 25இல் தொடங்கும் எச்சரிக்கை, 2009இல் இந்திய மருத்துவர்கள் வகுத்த நெறியின்படி நமக்கு 23இலேயே தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. உலகெங்கும் 52 நாடுகளில் சலீம் யூசுஃப் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்ற நாட்டவருக்கு 59 வயதில். அந்த ஆறு ஆண்டுகள் ஒரு வீட்டில் மகள் கல்யாணமும் மகன் படிப்பும் நடக்கிற ஆண்டுகள்.

பரிகாரம் இல்லாத நோயும் அல்ல. சிந்திய கொழுப்புதான் முதலில் கரையும். நடக்கத் தொடங்கினால் எடை குறையும் முன்பே வயிறும் கல்லீரலும் இளைக்கத் தொடங்கிவிடும். டாக்டர் அ. ராமச்சந்திரன் சென்னையிலிருந்து நடத்தி 2006இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில், நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. நீரிழிவைத் தள்ளிப்போடுவது தமனி நோயைத் தள்ளிப்போடுவதுதான்.

வசதிகளும் முன்போல் இல்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. 2022 முதல் திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மார்பு வலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மல்ஹோத்ராவின் ஏட்டில் செத்தவர்களுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆகவே வாசகரே, முப்பது வயது தாண்டியிருந்தால் இந்த வாரமே இரண்டு காரியம் செய்யுங்கள். தையல்காரரின் டேப்பை எடுத்து, மூச்சை வெளியே விட்டு, தொப்புள் மட்டத்தில் வயிற்றை அளந்து பாருங்கள். உள்ளே இழுத்துப் பிடித்து ஏமாற்ற வேண்டாம். பிறகு வெறும் வயிற்றில் முழு ரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்து, ‘மொத்தக் கொலஸ்ட்ரால் இருநூறுக்குள்’ என்ற வரியோடு தாளை மடித்துவிடாமல், ட்ரைகிளிசரைடு 150ஐத் தாண்டியிருக்கிறதா, எச்டிஎல் ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழே இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

அடுத்த வாரம், ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, அரிசியில் பூத்த ஒன்றிலிருந்து, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் முதல் ஸ்டாடினைக் கண்டெடுத்த ஜப்பானியர் அகிரா எண்டோவைச் சந்திப்போம்.

(தொடரும்)